பதினாறு அடி கார் செட்டுக்குள் பதினெட்டு அடி டிரெய்லர்

தொண்டிக் கடலில் தூண்டில் போடப் போவதற்கென்று நான் வைத்திருக்கும் 14 அடி ஃபைபர் படகு, அதைச் சுமக்கும் டிரெய்லரோடு சேர்த்து அளந்தால், படகின் பின்முனையான அமரத்திலிருந்து முன்னால் காரோடு பூட்டும் கப்ளர் வரை 18 அடி நீளம் வருகிறது. அதை நிறுத்த எனக்குக் கிடைத்த ஒரே இடம் காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் பின்தெருவைப் பார்த்த கார் செட். ஐயா காலத்தில் ஒரு மோட்டார் காருக்காகக் கட்டிய அந்தச் செட்டின் உள்நீளம், பின்சுவரிலிருந்து மூடிய கதவு வரை, 16 அடி 4 அங்குலம். குறைவது இரண்டடிக்கும் குறைவு என்பதால் எளிய வேலை என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் நீளத்தைவிடக் கதவுதான் இந்த வேலையின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதால், அளந்ததையும் செய்ததையும் சற்று விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

செட்டின் பின்சுவரை இரண்டடி தள்ளிக் கட்டிவிடலாமே என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். செட்டிநாட்டு வீட்டில் அது சுவர் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. முன்தெருவில் முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாங்கட்டு என்று கட்டுக் கட்டாக நீண்டு பின்தெருவில் முடிகிற இந்த வீடுகள் பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. எங்கள் வீட்டின் பங்குதாரர்களில் சிலர் சென்னையிலும் சிலர் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஒரு ஜன்னலுக்குக் கம்பி மாற்றுவதற்கே எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம் என்றிருக்கும்போது, ஒருவனுடைய படகுக்காகச் சுண்ணாம்புச் சுவரை இடிப்பது என்ற பேச்சை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. தவிர, செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகளை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்த பிறகு, இருக்கிற வீடுகளையாவது இருக்கிறபடி விட்டுவைப்போம் என்ற எண்ணம் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கிறது. ஆகவே வீடு அப்படியே இருக்க வேண்டும், டிரெய்லர்தான் வளைந்து கொடுக்க வேண்டும் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. வீட்டிலேயே தங்கியிருக்கும் ஆச்சி மட்டும், "குடிக்கத் தண்ணி தேடுற ஊருக்கு எதுக்குடா படகு?" என்று கேட்டார்கள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

தெருவிலேயே தார்ப்பாய் போட்டு நிறுத்துவதும் சரிப்படாது. 12 அடி அகலமே உள்ள பின்தெருவை அடைத்துக்கொள்வது முறையல்ல என்பது ஒரு பக்கம் இருக்க, இந்த ஊர் வெயிலில் நாள்கணக்கில் நின்றால் ஃபைபர் படகின் மேற்பூச்சு மங்கிச் சுண்ணாம்பாய் உதிரத் தொடங்கும், டயர்களின் பக்கச் சுவர்கள் வெடிப்பு விடும். செட்டுக்குள் மூலைவாட்டில் சாய்த்து நிறுத்தலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நேர்மாறாக முடிகிறது. படகின் அமரம் சதுரமாக வெட்டிவிட்டது போன்றது. அதன் அகலம் 5 அடி 4 அங்குலம். வண்டியைச் சாய்க்கும்போது கப்ளர் முனை உள்ளே ஒதுங்குவதற்கு முன்பாகவே அமரத்தின் ஒரு மூலை பின்னால் நீட்டிக்கொள்கிறது. அதனால் முதல் எட்டு ஒன்பது பாகை வரை தேவைப்படும் நீளம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. ஏறத்தாழ 17 பாகை சாய்த்த பிறகுதான் பழைய 18 அடிக்கே திரும்பி வருகிறது. அதற்கு மேலும் சாய்க்கச் செட்டில் அகலம் இல்லை.

அடுத்து எல்லோரும் சொல்லும் வழி, டிரெய்லரின் முன்நீட்டத்தை வெட்டிக் குட்டையாக்கிவிடுவது. காரோடு பூட்டும் அந்த நீண்ட சதுரக் குழாயை எங்கள் ஊர்ப் பட்டறைகளில் மாட்டுவண்டிப் பழக்கத்தில் ஏர்க்கால் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஏர்க்காலை நிரந்தரமாகக் குறைப்பதை நான் ஏற்கவில்லை. அது நீளமாக இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, கார் கூர்மையாகத் திரும்பும்போது அதன் பின்மூலை படகின் முன்முனையான அணியத்தில் இடிக்காமல் இருக்க இடைவெளி வேண்டும். இரண்டாவது, கப்ளருக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் குறையக் குறைய, பின்னோக்கி ஓட்டும்போது டிரெய்லர் சட்டென்று மடங்கும். குட்டை டிரெய்லரைப் பின்னால் எடுப்பதைவிட நீள டிரெய்லரை எடுப்பது எளிது என்பது டிராக்டர் ஓட்டுபவர்களுக்கும் தெரியும். மூன்றாவது காரணம் எங்கள் கடலுக்கே உரியது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். கரையோரமாகப் பல இடங்களில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு வராது. படகு மிதக்கும் அளவுக்கு டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டுமானால் காரின் பின்சக்கரமும் உப்பு நீரில் இறங்க நேரிடும். ஏர்க்காலின் ஒவ்வொரு அடியும் காரை ஓர் அடி கரைப் பக்கமாகத் தள்ளி நிறுத்துகிறது. அதனால் சாலையிலும் கடற்கரையிலும் 18 அடியாகவும், செட்டுக்குள் மட்டும் குட்டையாகவும் இருப்பதுதான் தேவை.

இதற்கு உலகம் முழுதும் வழக்கத்தில் உள்ள ஏற்பாடு கீல் வைப்பது. ஏர்க்காலை அணியத்துக்குச் சற்று முன்னால் வெட்டி, இரு பக்கமும் செங்குத்து முளைகள் கொண்ட கனத்த கீலைப் பற்றவைத்துவிட்டால், ஒரு முளையை உருவி ஏர்க்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் படகோடு ஒட்டி நிறுத்தலாம். எடை தூக்க வேண்டியதில்லை, எதுவும் தொலைந்து போகாது. நானும் அதைத்தான் செய்வதாக இருந்தேன், கதவை அளக்கும் வரை.

எங்கள் செட்டின் வாசல் எட்டடி அகலம். பர்மாத் தேக்கில் செய்த இரட்டைக் கதவுகள் ஒவ்வொன்றும் நாலடி. இரண்டுமே உள்பக்கமாகத் திறப்பவை. அதாவது மூடும்போது ஒவ்வொரு கதவும் செட்டுக்குள் நாலடி ஆரமுள்ள கால்வட்டத்தைச் சுற்றி வந்து நிலையில் சேரும். அந்தக் கால்வட்டங்களுக்குள் எது நின்றாலும் கதவு மூடாது. நாலடியை அப்படியே கழித்துவிட்டால் செட்டில் மிஞ்சுவது 12 அடி சொச்சம்தான். 14 அடிப் படகே உள்ளே நிற்க முடியாது என்றாகிவிடும். ஆனால் தரையில் சாக்பீஸும் நூலும் கொண்டு, கதவின் கீல் இருக்கும் இடத்தை மையமாக வைத்து இரு பக்கமும் வட்டத்தைப் போட்டுப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. இரண்டு வட்டங்களும் வாசலின் நட்டநடுவில் ஒன்றையொன்று தொட்டு, அங்கிருந்து உள்நோக்கி விலகிக்கொண்டே போகின்றன. அவற்றுக்கு நடுவே எந்தக் கதவும் தொடாத ஓர் இடம், வேல்முனை போலக் கூர்மையாகத் தொடங்கி விரிகிறது. வாசலிலிருந்து ஓரடி இரண்டு அங்குலம் உள்ளே அதன் அகலம் நாலு அங்குலம். இரண்டடி உள்ளே ஏறத்தாழ 13 அங்குலம். மூன்றடி உள்ளே 32 அங்குலம். நாலடியில் முழு எட்டடி. படகின் அணியமும் கூர்மையாகத் தொடங்கி விரிவதுதான். படகை அமரம் முன்செல்லப் பின்னுக்குத் தள்ளி, அணியம் வாசலைப் பார்த்தபடி சரியாக நடுக்கோட்டில் நிறுத்தினால், கதவுகள் இரண்டும் அணியத்தின் இரு கன்னங்களையும் ஒட்டி வந்து மூடிக்கொள்ளும்.

ஏர்க்காலுக்குக் கீல் வைக்கும் யோசனையைக் கைவிட வைத்ததும் இந்த வேல்முனைதான். மடக்கிய ஏர்க்கால் அணியத்தின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அந்தப் பக்கத்துக் கதவின் பாதையில் நேராகக் குறுக்கே வரும். மூன்றடி இரும்பை எந்தப் பக்கம் மடக்கினாலும் இதே கதைதான். ஆகவே ஏர்க்காலின் முன்பகுதி முழுவதுமாகக் கழன்று வந்துவிட வேண்டும். டிரெய்லரில் எஞ்சும் துண்டு, வேல்முனையின் கூர்ப்பகுதிக்குள் அடங்கும் அளவுக்குக் குட்டையாகவும் ஒல்லியாகவும் இருக்க வேண்டும். கப்ளர் நுனியிலிருந்து 3 அடி 2 அங்குலத்தில் வெட்டுவது என்று குறித்துக்கொண்டேன். எஞ்சும் நீளம் 14 அடி 10 அங்குலம்; பின்சுவரில் நாலு அங்குலம் விட்டு நிறுத்தினால் துண்டின் முனை வாசலுக்கு ஓரடி இரண்டு அங்குலம் உள்ளே நிற்கும். அங்கே கிடைக்கும் இடம் நாலு அங்குலம், ஏர்க்காலின் அகலம் 75 மி.மீ., அதாவது மூன்று அங்குலம். பக்கத்துக்கு அரை அங்குலம்தான் மிச்சம் என்பதால், தரையில் நடுக்கோட்டையும் இரண்டு சக்கரங்கள் நிற்க வேண்டிய இடத்தையும் பெயிண்ட்டால் நிரந்தரமாகக் குறித்துவிட்டேன்.

கழற்றி மாட்டும் இணைப்பை எப்படி அமைப்பது என்பதில்தான் பட்டறையில் நெடுநேரம் பேச்சு நடந்தது. பற்றவைப்பவர் முதலில் சொன்னது, டிரெய்லரில் எஞ்சும் துண்டின்மேல் பெரிய உறை ஒன்றைப் பற்றவைத்து, கழலும் பகுதியை அதற்குள் செருகுவது. அது செய்ய எளிது. ஆனால் உறை வெட்டுக்கு முன்னால் ஓரடியாவது நீட்டிக்கொண்டிருக்கும். நாம் சேமித்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும், அகலமும் கூடிவிடும். அதனால் தலைகீழாகச் செய்யலாம் என்றேன். செருகும் தண்டு கழலும் பகுதியோடு போகட்டும். டிரெய்லரில் இருக்கும் ஏர்க்காலின் உட்குழியே அதற்கு உறையாகட்டும். 75 மி.மீ. குழாயின் சுவர் 5 மி.மீ.; உள்ளே 65 மி.மீ. சதுரம் கிடைக்கிறது. கடைகளில் வாங்கக் கிடைக்கும் 63.5 மி.மீ. சதுரக் குழாய் அதற்குள் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியோடு நுழைகிறது. ஒன்றரை அடி நீளம் உள்ளே போகும்படி அதை வெட்டி, முன்பகுதிக்குள்ளும் அதேபோல் செலுத்திச் சுற்றிலும் பற்றவைத்தோம். இப்படிப்பட்ட குழாய்களின் உட்புறத்தில் பற்றவைப்புத் தையல் ஓடிய இடம் ஒரு வரப்பாகப் புடைத்திருக்கும். அதை நீண்ட அரத்தால் முழுதாக அராவி எடுத்த பிறகே தண்டு உள்ளே இறங்கியது. பொறுமை வேண்டிய வேலை அது ஒன்றுதான்.

வெளிக்குழாயைவிட ஒல்லியான தண்டு சுமையைத் தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. படகு, எஞ்சின், டிரெய்லர், சாமான்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 420 கிலோ; அதில் பத்தில் ஒரு பங்கு, 40 கிலோ அளவில், கப்ளரின்மேல் அழுத்தும்படி படகை அமர்த்தியிருக்கிறேன். கப்ளரிலிருந்து இணைப்பு வரை 0.97 மீட்டர். எனவே இணைப்பில் ஏற்படும் வளைவுத் திருப்பம் 39 கிலோ-மீட்டர். சாலைப் பள்ளத்தில் குதிக்கும்போது அது மூன்று மடங்காகும் என்று வைத்துக்கொண்டாலும், 4.5 மி.மீ. சுவருள்ள 63.5 மி.மீ. குழாயில் உண்டாகும் தகைவு, அதாவது பரப்பின்மேல் விழும் விசை, சதுர மில்லிமீட்டருக்கு 58 நியூட்டன் அளவில்தான் வருகிறது. இந்த வகைக் குழாய்களின் தரங்களில் மிகக் குறைந்ததே 210 தாங்கும். கணக்கு இடம் கொடுக்கிறது என்பதற்காகச் சுவர் மெல்லிய குழாயை யாரும் போட வேண்டாம். உப்பு உள்ளிருந்து தின்னும் கனத்தையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

தண்டைப் பூட்டுவதற்கு 16 மி.மீ. போல்ட் இரண்டு, 8.8 தரத்தில், ஓர் அடி இடைவெளியில் குறுக்காகப் போகின்றன. துளைகளைக் குழாயின் மேல்முகத்திலோ கீழ்முகத்திலோ போடக் கூடாது. மேலும் கீழுமான வளைவில் அதிகமாக இழுபடுவதும் அமுங்குவதும் அந்த இரண்டு முகங்கள்தான். அங்கே துளையிட்டால் குழாயின் பலத்தையே எடுத்துவிட்டதாகும். பக்கச் சுவர்களின் நடு உயரத்தில் போட்டால் பாதிப்பு மிகக் குறைவு. போல்ட்டை முறுக்கும்போது பெட்டிச் சுவர்கள் உள்வாங்காமல் இருக்க, உள்தண்டின் துளைகளுக்கு இடையே ஒரு குழாய்த் துண்டை புஷ்ஷாக வைத்துப் பற்றவைத்திருக்கிறோம். ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டத்தால் பள்ளங்களில் 'டங்கு டங்கு' என்று சத்தம் வரும். அடிப்புறத்தில் ஒரு நட்டைப் பற்றவைத்து, அதன் வழியே ஒரு போல்ட்டை முறுக்கி உள்தண்டை மேல்நோக்கி அழுத்தியதும் அது நின்றுவிட்டது.

என் டிரெய்லர் துத்தநாக முலாம் பூசியது. அப்படிப்பட்ட இரும்பைப் பற்றவைப்பதற்கு முன் தையல் போகும் இடத்தில் முலாமைக் கிரைண்டரால் முழுதும் எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தையலில் துளைகள் விழும் என்பதோடு, எரியும் துத்தநாகத்தின் வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். ஒரு டம்ளர் பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பால் நல்லதுதான், ஆனால் திறந்த வெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பதும் முகமூடி போடுவதும்தான் அதற்கு வழி. புதிதாகச் செய்த முன்பகுதியை மீண்டும் முலாமுக்கு அனுப்பினேன். மூடிய குழாயைச் சுமார் 450 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கினால், உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெடிக்கும். ஆகையால் காற்றுப் போகவும் துத்தநாகம் வடியவும் துளைகள் இட்டே கொடுக்க வேண்டும். முலாம் ஒவ்வொரு பரப்பிலும் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தடிமன் சேர்க்கும் என்பதால், இடைவெளியை அரை மில்லிமீட்டரில் வைத்துக்கொண்டு அழகு பார்ப்பவர்களின் தண்டு முலாமுக்குப் பிறகு உள்ளே நுழையத் திணறலாம். முலாம் ஏன் காக்கிறது என்பதைக் காரைக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம், எங்கள் வாய்மொழியில் சிக்ரி, இரும்பு அரிப்பைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் கொஞ்சமாவது கேள்வி ஞானம் வரச் செய்திருக்கிறது. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் கரையவிடாமல் வைத்திருக்கிறது. ஆனால் செருகி உருவும் இடத்தில் முலாம் நாளடைவில் உராய்ந்து போய்விடும் என்பதால், அங்கே தண்ணீரில் கரையாத படகு கிரீஸைத் தாராளமாகப் பூசுகிறேன். மாதக்கணக்கில் உருவாமல் விட்டால் உப்பு இரண்டு குழாய்களையும் ஒன்றாக்கிவிடும். படகு கடலுக்குப் போகாத மழைக்காலத்திலும் தண்டு டிரெய்லருக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

பாதுகாப்புச் சங்கிலி எங்கே பூட்டியிருக்கிறது என்பதை இந்த மாற்றம் செய்கிற எவரும் முதலில் பார்க்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் அது கப்ளருக்குப் பக்கத்தில் இருந்தது. அப்படியே விட்டிருந்தால், போல்ட்டுகள் என்றாவது கைவிடும்போது கழன்ற முன்பகுதி மட்டும் காரோடு பத்திரமாக வரும். படகு தன் வழியில் போகும். இரண்டு சங்கிலிகளையும் வெட்டுக்குப் பின்னால், டிரெய்லரோடு நிலையாக இருக்கும் பகுதியில் பற்றவைத்து, ஏர்க்காலின் அடியில் குறுக்காகக் கொண்டுபோய்க் காரில் மாட்டுகிறேன். விளக்குக்கான ஒயர் குழாய்க்குள்ளே ஓடியதை வெளியே எடுத்து, இணைப்புக்குப் பின்னால் ஒரு பிளக் வைத்ததோடு மின்வேலை முடிந்தது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. சாலையில் ஓடும்போது நீளம், அகலம், எடை எதுவும் மாறவில்லை என்றாலும், சட்டகத்தை வெட்டுகிற வேலை என்பதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகே கிரைண்டரைக் கையில் எடுப்பது நல்லது.

இப்போது கடலிலிருந்து திரும்பியதும் நடப்பது இதுதான். பின்தெருவில் நின்றவுடன் எஞ்சினைக் கழற்றிச் செட்டின் மூலையில் உள்ள மரத் தாங்கியில் மாட்டுகிறோம். எஞ்சின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், அது இறங்கியதும் முன்பக்கம் கனக்கும். கையால் தாங்கப் பார்க்கக் கூடாது. டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கி சக்கரம், முன்பு கப்ளருக்குப் பக்கத்தில் இருந்தது, இப்போது வெட்டுக்குப் பின்னால் மாட்டும்படி மாறியிருக்கிறது. அதை இறக்கி எடையை ஏற்றிவிட்டு, காரைப் பிரித்து, இரண்டு போல்ட்டுகளையும் எடுத்து ஏர்க்காலை உருவுகிறோம். உருவிய பகுதி ஏறத்தாழ 18 கிலோ. சுவரில் இரண்டு கொக்கிகளில் கிடக்கிறது. எதிர்பாராத வசதி ஒன்றும் கிடைத்தது. அச்சிலிருந்து முன்முனை வரை முன்பு 13 அடி இருந்தது. 12 அடித் தெருவில் அதைச் செட்டுக்கு நேராகத் திருப்பவே முடியாது, எதிர்வீட்டுச் சுவர் குறுக்கே நிற்கும். இப்போது பத்தடிக்கும் குறைவு என்பதால் இரண்டு பேர் தள்ளியே திருப்பிவிடலாம். சரிவில் ஏறும்போது மூன்றாவது ஆள் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்துக்கொண்டே வர வேண்டும். உள்ளே கோட்டில் நின்றதும் முன்முனையை ஒரு மரக்கட்டைமேல் இறக்கி, ஜாக்கி சக்கரத்தையும், படகை டிரெய்லர்மேல் இழுத்தேற்றும் வின்ச்சின் கைப்பிடியையும் கழற்றிவிட வேண்டும். இரண்டுமே பக்கவாட்டில் நீட்டுபவை. எதை மறந்தாலும் கதவு அதில் தட்டி நின்றுவிடும்.

வீட்டில் முன்னோருக்குப் படையலிடும் படைப்போ கல்யாணமோ வந்தால் அந்தச் செட்டு சமையல் பாத்திரங்களுக்கு வேண்டும் என்பது பங்காளிகள் வைத்த ஒரே நிபந்தனை. ஏர்க்காலை மாட்டி வெளியே இழுக்க அரை மணி நேரம்கூட ஆகாது என்று செய்து காட்டிய பிறகு, மலேசியாவிலிருந்து வந்திருந்த அண்ணன் கேட்டது, அடுத்த முறை தன்னையும் தொண்டிக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்பதுதான்.